கைப்பையில் கிடந்த உருளை

வியாழக்கிழமை சாயங்காலம் டெல்மர் வந்தபோது நான் கால் இரண்டையும் வெந்நீர் வாளிக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூடச் சமையலறையில் அன்றைக்கு முந்நூற்று இருபது தட்டு. கொரீன்தான் போய்க் கதவைத் திறந்தாள். கொரீன் என் அக்கா; எட்டு மாதமாக நான் அவள் வீட்டில்தான் இருக்கிறேன். டெல்மர் என் கணவன். முப்பத்தொரு வருடம் ஆகிறது.

அவன் உள்ளே வரவில்லை. ஒரு கையில் தொப்பியும் மறு கையில் இறைச்சித் துண்டு வைத்துச் சுட்ட பெப்பரோனி ரொட்டிப் பையுமாகக் கால்மிதியின் மேலேயே நின்றான். என்னைப் பார்த்தான், வாளியைப் பார்த்தான். குளிர் வருமுன் புகைபோக்கியைச் சுத்தம் செய்துவிட்டதாகச் சொன்னான். பிக்கப் வண்டிக்குப் புது பேட்டரி போட்டதைச் சொன்னான். பிறகு தொப்பியைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"சனிக்கிழம ஹாம் போட்டி. அந்த உருளை இன்னும் உங்கிட்டதான இருக்கு?"

"கைப்பையில கெடக்கு."

"அப்ப முடிஞ்சா வா. அசதியா இருந்தா வேணாம்."

ரொட்டிப் பையைக் கொரீன் கையில் கொடுத்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டான். வண்டிச் சத்தம் பாலத்தைத் தாண்டும்வரை கொரீன் கதவருகிலேயே நின்றாள்.

"எட்டு மாசம் கழிச்சு ஒரு மனுஷன் பொண்டாட்டியத் தேடி வரான். வந்து துப்பாக்கி சாமானக் கேக்குறான்," என்றாள். "நல்லா இருக்குடி ஒங்க குடும்பம்."

வெந்நீர் ஆறிவிட்டிருந்தது. எழுந்து மாற்றத் தெம்பில்லாமல் ஆறின தண்ணீரிலேயே காலை வைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த உருளையின் கதையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்களுக்குக் கல்யாணமான மறு மாதம் டவுனில் ஓர் இரும்புக்கடையை மூடினார்கள். கண்ணாடிப் பெட்டியில் மிச்சமிருந்த சாமான்களோடு ஒரு பழைய ரிவால்வரும் கிடந்தது; அதை வாங்கினோம். அப்போதே அதற்கு நாற்பது வயது இருக்கும். நீலப் பூச்சு உரசி வெளுத்துப் போயிருந்தது. மரப்பிடியில் ஒரு விரிசல். பாயின்ட் இருபத்திரண்டு என்கிற சின்ன ரகத் தோட்டா போடுவது. பட்டாணியைவிடச் சிறிய குண்டு, காய்ந்த குச்சியை முறித்தது போலச் சத்தம். கோழிக்கூண்டுக்கு வரும் ராக்கூனுக்கும் கிணற்றடிப் பாம்புக்கும் அது போதும். ஞாயிற்றுக்கிழமைகளில் வேலிக்கட்டைமேல் தகர டப்பாக்களை அடுக்கிவைத்து இருவரும் மாறி மாறிச் சுடுவோம். எங்களுக்குத் தேனிலவு என்று தனியாக எதுவும் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைகள்தான்.

இப்போது வரும் ரிவால்வர்களைப் போல அதன் உருளை பக்கவாட்டில் திறந்து வராது. குழலுக்குக் கீழே ஒரு அச்சாணி இருக்கும். அதை முன்பக்கம் இழுத்தால் ஒன்பது துளை உள்ள உருளை முழுசாகக் கழன்று உள்ளங்கையில் விழும். சுட்டு முடித்த வெற்றுக் கூடுகளை அதே அச்சாணியால் ஒவ்வொன்றாகக் குத்தித் தள்ள வேண்டும். புதுத் தோட்டாக்களைப் போட்டு மறுபடி மாட்ட வேண்டும். ஒன்பது துளை இருந்தாலும் எட்டுதான் போடுவோம். பின்னாலிருந்து தோட்டாவை அடிக்கும் சுத்திக்கு நேராக இருக்கும் துளை காலியாக இல்லாவிட்டால், கை தவறிக் கீழே விழும்போது வெடித்துவிடும்.

எதைக் காலியாக விடுவது என்பதில் எங்களுக்குக் குழப்பமே வந்ததில்லை. முதல் குளிர்காலத்தில் டெல்மர் டிவியில் பந்தாட்டம் பார்த்துக்கொண்டே, தோட்டா இல்லாத ரிவால்வரின் விசையை டிக் டிக் என்று இழுத்துக்கொண்டிருப்பான். இந்தச் சின்னத் தோட்டாவுக்குச் சுத்தி விளிம்பில்தான் அடிக்கும். தோட்டா இல்லையென்றால் அந்த அடி துளையின் விளிம்பிலேயே விழும். வேண்டாம் வேண்டாம் என்று சொன்னேன், கேட்கவில்லை. எல்லாத் துளைகளிலும் தழும்பு. ஒன்றில் மட்டும் உலோகம் உள்பக்கம் பிதுங்கிவிட்டது. அதில் தோட்டா முழுசாக இறங்காது. பின்பக்கம் மயிரிழை அளவு துருத்திக்கொண்டு உருளையைச் சுற்ற விடாது. அந்தத் துளைக்குப் பக்கத்தில் என் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தேன். அது எப்போதும் காலி.

"ஊர்ல பொம்பளைங்க வெரல்ல பூசுறாங்க. என் பொண்டாட்டி துப்பாக்கிக்குப் பூசுறா," என்று டெல்மர் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தான்.

பக்ஹார்ன் ஓடைப் பக்கத்து வேட்டைக்காரர் சங்கத்தில் வருடா வருடம் அக்டோபரில் ஹாம் போட்டி நடக்கும். கடைசிச் சுற்று தம்பதிகளுக்கானது. எங்கள் அப்பா அம்மா காலத்து, பாயின்ட் இருபத்திரண்டு ரக ரிவால்வர்கள் மட்டும்தான் அதில் சேர்த்தி. ஒரு ஜோடிக்கு ஒரு துப்பாக்கி. ஒருவர் சுடுவார், மற்றவர் நிரப்புவார். எட்டு இரும்புத் தட்டு, திரும்ப நிரப்பி மறுபடி எட்டுத் தட்டு, மூன்று நிமிடம். வென்ற ஜோடிக்குப் புகைபோட்ட முழுப் பன்றித்தொடை, அதுதான் ஹாம். கடைசியில் வந்த ஜோடிக்கு ஒரு முட்டைக்கோஸ். அதை எல்லார் முன்னாலும் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும்.

எப்போதும் டெல்மர் சுடுவான், நான் நிரப்புவேன். இந்தப் போட்டியில் ஜெயிப்பதும் தோற்பதும் நிரப்புகிற கையில்தான். குளிரில் விறைத்த விரலால் எட்டுத் தோட்டாவையும் ஒன்றுகூடக் கீழே விடாமல் நான் போட்டுக் கொடுத்ததால்தான் பதினோரு தடவை ஹாம் எங்கள் வீட்டுக்கு வந்தது. சங்கத்துக் கூடத்தில் ஒரு மரப்பலகை மாட்டியிருக்கிறார்கள். அதில் டெல்மர் கோஃப் என்று பதினோரு இடத்தில் எழுதியிருக்கும். நிரப்பியவர் பெயரை எழுதும் வழக்கம் இல்லை. எனக்கு அது பெரிதாகத் தோன்றியதும் இல்லை, ரொம்ப நாள்வரை.

பிறகு டெல்மரின் அம்மா ஓபல் எங்களோடு வந்து இருந்தார். ஞாபகம் ஒவ்வொன்றாகக் கழன்று போகிற வியாதி. இரண்டாவது வருடம் ஒருநாள் நான் துணி உலர்த்திவிட்டு வந்தபோது, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். மடியில், தோல் குப்பைக்கு நடுவில், அந்த ரிவால்வர். உள்ளே எட்டுத் தோட்டா. "இந்தப் பட்டாணி ரொம்பக் கெட்டி," என்றார் என்னிடம். நான் சிரித்துக்கொண்டே போய் அதை எடுத்தேன். உருளையைக் கழற்றி எட்டுத் தோட்டாவையும் தட்டிவிட்டபிறகுதான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அன்றைக்கு நாங்கள் அதைப் பிரித்துவிட்டோம். துப்பாக்கியின் உடல் டெல்மரின் வண்டியில் பூட்டிய கருவிப்பெட்டிக்குள். உருளை என் கைப்பையில் ஜிப் வைத்த உள்ளறைக்குள். தோட்டாக்களைச் சங்கத்தின் சுடுகள மேற்பார்வையாளர் வெண்டெலிடம் கொடுத்துவிட்டோம். தனித்தனியாக இருந்தால் இரண்டும் வெறும் இரும்பு. அப்புறம் ஒன்பது வருடம் நாங்கள் சுடவில்லை, போட்டிக்கும் போகவில்லை.

அந்த ஒன்பது வருடத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகமில்லை. குளிப்பாட்டினேன், ஊட்டினேன், ராத்திரியில் மூன்று தடவை எழுந்தேன், காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். டெல்மர் ரயில் யார்டில் இரண்டு ஷிஃப்ட் பார்த்தான். கெட்டவன் இல்லை. வீட்டுக்கு வருவான், அம்மாவின் நெற்றியில் முத்தம் கொடுப்பான், என்னிடம் "இன்னிக்கு எப்படி இருந்தாங்க?" என்று கேட்பான். நான் எப்படி இருந்தேன் என்று கேட்கத் தோன்றவில்லை அவனுக்கு. ஜனவரியில் ஓபல் போய்விட்டார். அடக்கத்துக்கு வந்த ஒவ்வொருவரும் டெல்மரின் கையைப் பிடித்து, அம்மாவை எவ்வளவு நல்லபடியாகப் பார்த்துக்கொண்டாய் என்றார்கள். அவன் தலையசைத்தான். நான் பக்கத்தில் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு அந்த மரப்பலகை ஞாபகம் வந்தது.

கோபம் வந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டும். அது இல்லை. ஒரு வாரம் தூங்கிவிட்டு வருகிறேன் என்று மார்ச் தொடக்கத்தில் கொரீன் வீட்டுக்கு வந்தேன். அந்த ஒரு வாரம்தான் இப்படி நீண்டுவிட்டது.

ஏப்ரலில் ஒருநாள் பேனா தேடும்போது கைப்பையின் உள்ளறையில் உருளை கையில் பட்டது. திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் கொடுத்தால், இந்தா உன் சாமான் என்று கணக்குத் தீர்த்ததாக ஆகிவிடுமோ என்று தோன்றியது. அவன் கேட்டால் கொடுக்கலாம் என்று விட்டுவிட்டேன். அவன் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்வான். தக்காளி காய்த்ததைச் சொன்னான். கிணற்றடியில் விஷப்பாம்பு வந்ததையும் அதை மண்வெட்டியால் அடித்ததையும் சொன்னான். ஏன் மண்வெட்டி என்று எனக்குத் தெரியும். அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இதற்குள் கொரீன் எனக்கு ஓர் இடம் பார்த்துவிட்டாள். டவுனில் பூக்கடைக்கு மேலே ஒரு அறை, ஒரு சமையல் மேடை, தெருவைப் பார்த்த ஜன்னல். எனக்குப் பிடித்திருந்தது. அந்த அறையில் நான் யாரையும் குளிப்பாட்டியதில்லை. அதுவே பெரிய நிம்மதியாக இருந்தது. திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டும் என்று வீட்டுக்காரம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். சனிக்கிழமை போட்டிக்குக் கிளம்பும்போது எனக்கு இருந்தது இரண்டே நாள். டெல்மரோடு அந்த வீட்டில் இனி இருக்க முடியுமா, முடியாதா. அவன் கேட்டது என்னையா, உருளையையா என்பதுகூடத் தெரியாமல்தான் காரில் ஏறினேன்.

கொரீன்தான் ஓட்டினாள். "குடுத்துட்டு வந்துரு. நான் இன்ஜினக்கூட நிறுத்தல," என்றாள் சங்கத்து வாசலில்.

ஆனால் நிறுத்திவிட்டாள். மலைச்சரிவில் மேப்பிள் இலைகள் பழுத்து உதிர்ந்து கொண்டிருந்தன. காப்பியும் வெடிமருந்தும் கலந்த வாசனை. ஒன்பது வருடம் கழித்து மூக்கு அதைச் சட்டென்று அடையாளம் கண்டுகொண்டது. டெல்மர் கடைசி மேசைக்கு அருகில் நின்றிருந்தான். சவரம் செய்திருந்தான், தாடையில் ஒரு வெட்டு. ரிவால்வரின் உடலை எண்ணெய்த் துணியின் மேல் வைத்திருந்தான். நடுவில் சதுர ஓட்டையோடு அது பல் விழுந்த வாய் போல இருந்தது.

நான் கைப்பையைத் திறந்து உருளையை எடுத்து, வழக்கம்போல் தோட்டா டப்பாவைத் தேடினேன்.

"இல்ல ஆர்லி," என்றான் டெல்மர். என் பெயர் ஆர்லெட்டா. "இன்னிக்கு நீ சுடு. நான் நெரப்புறேன்."

சுடுகளக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் பெயர் எழுதிக்கொண்டிருந்த வெண்டெல் நிமிர்ந்து பார்த்தான். அவனுக்கும் டெல்மருக்கும் பள்ளிக்கூட நாள் பழக்கம். "அந்த வெரல வச்சா? வாழைப்பழத்தால ஊசி கோத்த மாதிரிதான்," என்றான்.

"எழுதுப்பா. சுடறது ஆர்லெட்டா கோஃப்," என்றான் டெல்மர்.

வெண்டெல் எழுதினான்.

காதடைப்பான் இருக்கிறதா என்று கேட்டேன். மேசையில் கிடந்த கோட்டின் பையில் இருப்பதாகச் சொன்னான். கையை விட்டேன். காதடைப்பானுக்கு முன்னால் வேறொன்று கையில் தட்டுப்பட்டது. மேப்பிள் மரத்துண்டு. உருளை அளவுக்கு வட்டமாகக் கடைந்திருந்தது. சுற்றிவர ஒன்பது துளை. துளைகளின் ஓரமெல்லாம் விரல் அழுக்கேறிக் கறுத்து வழவழப்பாகியிருந்தது. கூடவே ஒரு சின்னத் துணிப்பை. அதற்குள் வெற்றுத் தோட்டாக் கூடுகள் கலகலத்தன. ஒருநாள் இரண்டு நாள் தொட்ட அழுக்கு இல்லை அது.

நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தேன். பிடிபட்டவன் மாதிரி நின்றான்.

"உருளை உங்கிட்ட இருந்துச்சே," என்றான். "அதான் கட்டையில பழகுனேன்."

"எப்பலேருந்து?"

"மே மாசம்னு நெனக்கிறேன். சாயந்தரம் வந்து வேற என்ன வேல? போர்டப் பாத்தேன் ஆர்லி. வெண்டெல் பெயின்ட் அடிக்கக் கூப்ட்டான், போயிருந்தேன். பதினோரு தடவ என் பேரு. ஒவ்வொண்ணுக்கும் மேல பிரஷ்ஷ வச்சு எழுதுறப்ப..." நிறுத்திக்கொண்டான். அவ்வளவு நீளமாக அவன் பேசி நான் கேட்டு ரொம்ப நாள் ஆகியிருந்தது.

"ஒரு போன் பண்ணிக் கேட்டிருந்தா குடுத்திருப்பேனே, உருளைய."

"குடுத்திருப்ப. பார்சல்ல அனுப்பியிருப்ப," என்றான்.

அதற்குமேல் பேச நேரமில்லை. வெண்டெல் எங்கள் பெயரைக் கூப்பிட்டுவிட்டான்.

முதல் எட்டை டெல்மர் விசிலுக்கு முன்பே நிதானமாக, சிவப்புப் பொட்டுத் துளையை விட்டுப் போட்டு வைத்திருந்தான். நான் கோட்டில் நின்று குழலைத் தட்டுகளுக்கு நேராகப் பிடித்தேன். குழல் நுனியில், குறி பார்ப்பதற்காக நான் எப்போதோ பூசிய சிவப்பு இன்னும் திட்டாக ஒட்டியிருந்தது. கட்டைவிரலால் சுத்தியை இழுத்தேன். பழைய சத்தம், பழைய கனம். இந்தத் துப்பாக்கி கொஞ்சம் இடது பக்கமாகவே சுடும். தட்டின் வலது ஓரத்தைப் பார்த்து மூச்சை விட்டு, விசையை அழுத்தினேன். டங். கை மறந்துபோகும் என்று பயந்திருந்தேன். மறக்கவில்லை. இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவது மட்டும் மண்மேட்டில் புழுதி கிளப்பிவிட்டுப் போனது. மற்றதெல்லாம் விழுந்தன. எட்டுக்கு ஏழு. யாரோ கை தட்டினார்கள். கொரீன் காரைவிட்டு இறங்கி வேலியோரம் வந்து நிற்பதைக் கடைக்கண்ணால் பார்த்தேன்.

நான் அச்சாணியை இழுத்தேன். உருளை கையில் விழுந்தது, சுடச்சுட. அச்சாணியையும் உருளையையும் டெல்மரிடம் நீட்டினேன்.

வெற்றுக் கூடுகளைக் குத்தித் தள்ளியபோது அவன் கை நன்றாகத்தான் இருந்தது. ஒன்று, இரண்டு என்று உதடு அசைய எண்ணினான். பிறகு முதல் தோட்டா சரளைக்கல்லில் விழுந்தது. அடுத்ததைப் போட்டான். இன்னொன்று விழுந்தது. "குனியாத, டப்பால இருக்கு," என்றேன். கேட்காமல் குனிந்தான், தொப்பி விழுந்தது. வெண்டெல், கோழிக்குத் தீனி போடறியா போட்டியில இருக்கியா என்று ஒலிபெருக்கியில் கேட்டான். கூட்டம் சிரித்தது. டெல்மரின் காது சிவந்தது. ஆனால் உருளையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஐம்பத்தெட்டு வயது மனிதன், பள்ளிக்கூடப் பிள்ளை ஊசியில் நூல் கோப்பதுபோல நாக்கைக் கடித்துக்கொண்டு, எட்டாவதையும் போட்டு முடித்தான். நான் நீட்டிய உடலுக்குள் உருளையைத் தள்ளினான். கொஞ்சம் தடுத்தது. அழுத்தினான். உட்கார்ந்தது. அச்சாணியைச் செருகிவிட்டுப் பின்னால் நகர்ந்தான்.

ஒன்று சுட்டேன், விழுந்தது. இரண்டு, அதுவும். மூன்றாவதுக்குச் சுத்தியை இழுத்தேன். பாதி வந்து நின்றுவிட்டது. உருளை சுற்றவில்லை. குனிந்து பார்த்தேன். சிவப்புப் பொட்டுக்குப் பக்கத்துத் துளையில் ஒரு தோட்டாவின் பித்தளை முதுகு துருத்திக்கொண்டிருந்தது.

முப்பத்தொரு வருடமாகக் காலியாக இருந்த துளை அது. அவனே கெடுத்த துளை. மரக்கட்டையில் ஒன்பது துளையைப் போட்டவன் சிவப்புப் பொட்டைப் போட மறந்துவிட்டான். எந்தத் துளையையும் காலியாக விடலாம் என்று ஆறு மாதமாக விரலைப் பழக்கியிருந்தான்.

குழலை மண்மேட்டுக்கு நேராகவே வைத்துக்கொண்டு இடது கையைத் தூக்கினேன். வெண்டெல் வந்து பார்த்தான். உருளையைப் பின்பக்கம் திருப்பி, அச்சாணியை நெம்பி எடுக்கும்போது விசில் ஊதிவிட்டார்கள். பதினாறுக்கு ஒன்பது. ஏழு ஜோடியில் கடைசி.

"செவப்ப மறந்துட்டேன்," என்றான் டெல்மர். அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கேயோ அடியில் அடைத்துக்கிடந்த சிரிப்பு. நிற்க முடியாமல் மேசையைப் பிடித்துக்கொண்டேன். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. கொஞ்ச நேரத்தில் அது சிரிப்புத் தண்ணீரா என்று எனக்கே தெரியவில்லை. டெல்மர் கை இரண்டையும் தொங்கவிட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றான். தொடவில்லை. போகவும் இல்லை.

முட்டைக்கோஸை வெண்டெல் கொண்டுவந்து கொடுத்தான். அதன் மேல் ஒரு காகிதம் குத்தியிருந்தது: ஆர்லெட்டா கோஃப். கீழே சின்ன எழுத்தில், நிரப்பியவர் டெல்மர். தோற்றவர்களுக்காவது இரண்டு பெயரையும் எழுதலாம் என்று தோன்றியதாம் அவனுக்கு. அதைத் தூக்கிக்கொண்டு நாங்கள் கூட்டத்தின் நடுவே நடந்தோம். யாரோ உப்பு வேண்டுமா என்று கேட்டார்கள்.

வண்டியருகே வந்ததும் பழக்கம் தானாக வேலை செய்தது. அவன் உடலை எடுத்துக் கருவிப்பெட்டியைத் திறந்தான். நான் காலி உருளையைத் துடைத்துக் கைப்பையின் ஜிப்பைத் திறந்தேன். ஒன்பது வருடம் செய்தது. அங்கே என் கை நின்றுவிட்டது. அந்த உருளை பெரிய கனம் ஒன்றும் இல்லை. ஆனால் இன்னொரு நாள் அதைச் சுமக்க எனக்கு முடியாது என்று தோன்றியது.

அவன் கையிலிருந்த உடலை வாங்கினேன். உருளையை உள்ளே வைத்து, அச்சாணியைச் செருகி, முழுத் துப்பாக்கியாக அவனிடம் நீட்டினேன்.

டெல்மர் அதை வாங்கவில்லை. வேலியோரம் நின்ற கொரீனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். முகம் சாம்பல் பூத்தது.

"அப்ப அவ்வளவுதானா?" என்றான்.

"எனக்கு அசதியா இருக்கு டெல்மர்."

"தெரியும்."

"தெரியாது. கேளு. ஒங்கம்மா மேல எனக்கு வருத்தமில்ல. ஒம் மேலயும் பெருசா இல்ல. ஆனா இனிமே நான் எதையும் பாதியாத் தூக்கிட்டுத் திரிய மாட்டேன். இத நீ வச்சுக்க. பூட்டறது, தொடைக்கிறது, எண்ணெ போடறது எல்லாம் ஓம் பாடு. நான் அந்த வீட்டுக்கு வந்து தூங்கப்போறேன். எத்தன நாள்னு எனக்குத் தெரியாது. யாரும் எழுப்பக் கூடாது."

அவன் புரிந்துகொள்ள நேரமானது. புரிந்ததும் துப்பாக்கியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

"சாப்பாடு?" என்றான்.

"முட்டக்கோஸ் இருக்குல்ல. நீதான் பண்ணப்போற."

கொரீனிடம் போய்ச் சொன்னேன். பூக்கடை வீட்டம்மாவிடம் திங்கட்கிழமை நானே பேசுகிறேன், இந்தக் குளிர்காலம் மட்டும் டெல்மரோடு இருந்து பார்க்கிறேன் என்றேன். என் பெட்டி அவள் வீட்டிலேயே இருக்கட்டும் என்றும் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒரு ஹாமாவது ஜெயிச்சிருந்தா எனக்கு மனசு ஆறியிருக்கும்," என்றாள். பிறகு என் கோட்டுப் பொத்தானை மேல்வரை போட்டுவிட்டுப் போனாள்.

வண்டியில் ஏறிப் பாலத்தைத் தாண்டியதுதான் ஞாபகம். மடியில் முட்டைக்கோஸ் இருந்தது.

கண் விழித்தபோது வண்டி எங்கள் வீட்டு முற்றத்தில் நின்றிருந்தது. இன்ஜின் எப்போதோ ஆறிப்போயிருந்தது. சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கி, ஜன்னல் கண்ணாடி மங்கியிருந்தது. அவன் கோட்டு என்மேல் கழுத்துவரை போர்த்தியிருந்தது. முட்டைக்கோஸ் அவன் மடிக்கு மாறியிருந்தது. டெல்மர் சட்டையோடு, குளிரில் தோளைக் குறுக்கிக்கொண்டு, ஸ்டியரிங்குக்குப் பின்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

"எவ்வளவு நேரமா நிக்கிறோம்?"

"ஒன்றர மணி நேரம் இருக்கும்."

"பைத்தியமா உனக்கு? எழுப்பியிருக்கலாம்ல?"

"எழுப்பக் கூடாதுன்னு சொன்னியே," என்றான்.

வீட்டில் விளக்கு எரியவில்லை; சுத்தம் செய்த புகைபோக்கி மட்டும் வானத்துக்கு எதிரே கறுப்பாகத் தெரிந்தது. கோட்டை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டுக்கொண்டு கண்ணை மூடினேன். உள்ளே போய் அடுப்பை மூட்டு, சூடானதும் வருகிறேன் என்றேன். அவன் கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டுப் போனான்.